பழைய பெட்டிக்கு வேகம் ஏற்றலாமா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பென்டியம் டூயல் கோர் ஈ5300, ஜிகாபைட்டின் ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்2-800 ரேம் இரண்டு. ஓவர்க்ளாக் செய்தால், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், 3 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டும் என்கிறார்கள். பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்போது திறக்கும் அமைப்புப் பக்கங்கள்) முழுக்கத் தேடிவிட்டேன், அதற்கான இடமே தென்படவில்லை.
– ஈரோடு வாசகர்

பதில்: பயாஸின் முதல் பக்கத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோல், எஃப்1 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தக் காலத்து ஜிகாபைட் போர்டுகள் பலவற்றில் இப்படி அழுத்திய பிறகுதான் எம்.ஐ.டி. என்ற வேக அமைப்புப் பக்கத்தில் மறைந்திருக்கும் வரிகள் வெளியே வரும்.

கணக்கு எளிது. உங்கள் ப்ராசஸரின் அடிப்படை க்ளாக் 200 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 13. பெருக்கினால் 2,600, அதாவது 2.6 ஜிகாஹெர்ட்ஸ். ப்ராசஸர் வந்த அட்டைப்பெட்டியில் 'எஃப்எஸ்பி 800' (ப்ராசஸருக்கும் போர்டுக்கும் இடையிலான பாதையின் வேகம்) என்று போட்டிருப்பது இதே 200-ஐ நான்கால் பெருக்கியது. 13 என்ற மல்டிப்ளையர் மேலே போகாமல் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கைவைக்க முடிந்தது அந்த 200-ல் மட்டுமே.

இதில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஜி31 போர்டு 266 க்ளாக்கிலும் 333 க்ளாக்கிலும் ஓடும் ப்ராசஸர்களையும் தாங்குகிற போர்டு. நீங்கள் 250 வைத்தாலும் 266 வைத்தாலும் அதற்கு அது அன்றாட வேலைதான், சிரமப்படுவது ப்ராசஸர் மட்டும். இதே போர்டில் விலை கூடிய ஈ8400 இருந்திருந்தால் அது 333-லேயே தொடங்கும். அதைத் தாண்டி ஏற்றும்போது ப்ராசஸருக்கு முன்னால் போர்டு மூச்சு வாங்கும். மலிவான ப்ராசஸருக்கு ஏற இடம் அதிகம் என்று அந்நாளில் சொன்னது இதனால்தான்.

முதலில் 'சிபியு ஹோஸ்ட் க்ளாக் கன்ட்ரோல்' என்பதை எனேபிள் செய்யுங்கள். அடுத்து, க்ளாக்கைத் தொடுவதற்கு முன்பே 'பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃப்ரீக்வென்சி'யை ஆட்டோவிலிருந்து எடுத்து 100 என்று எண்ணாகவே அடித்துவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் இதையும் கூடவே ஏற்றிவிடும். அப்போது முதலில் கெடுவது ஹார்ட் டிஸ்கில் எழுதப்படும் டேட்டா. விண்டோஸ் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பாழாகும், பழி ப்ராசஸர் மீது விழும்.

அடுத்து ரேம். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ரேமின் வேகமும் அதே 200-லிருந்துதான் பிறக்கிறது. 'சிஸ்டம் மெமரி மல்டிப்ளையர்' 4.00-ல் இருந்தால் 200 × 4 = 800. க்ளாக்கை 250 ஆக்கினால் ரேம் 1000-க்குத் தாவும், டிடிஆர்2-800 ரேம் அதைத் தாங்காது, திரை கறுப்பாகவே நிற்கும். பார்க்கிறவர் 'ப்ராசஸர் 250-க்கு வரவில்லை' என்று முடிவுகட்டிவிடுவார். மல்டிப்ளையரை 3.33 ஆக்கினால் 240 வரை போகலாம் (அங்கே சரியாக 800 வரும்). அதற்கு மேல் 2.66 வையுங்கள், 266-ல் ரேம் 708-ல் ஓடும். ரேமில் இழப்பது சொற்பம், ப்ராசஸரில் கிடைப்பது அதைவிட அதிகம்.

க்ளாக்கை 200-லிருந்து 215, 230, 240, 250 என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் விண்டோஸுக்குள் போய் ப்ரைம்95 என்ற சோதனை மென்பொருளில் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையைப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். பக்கத்தில் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் திறந்திருக்கட்டும். 250-ல் கிடைப்பது 3.25 ஜிகாஹெர்ட்ஸ். பெரும்பாலான ஈ5300-கள் இதற்கு வோல்ட்டேஜ் கூட்டச் சொல்லிக் கேட்காது. 266-ல் 3.46 வரும், அங்கே கொஞ்சம் கேட்கலாம். சோதனையில் ஒரு வொர்க்கர் (ஒரு கோரில் ஓடும் கணக்கு) பிழை காட்டி நின்றால் 0.025 வோல்ட் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். இந்த 45 நானோமீட்டர் ப்ராசஸர்களுக்கு இன்டெல் வகுத்த வோல்ட்டேஜ் வரம்பின் மேல் எல்லை 1.3625. அதைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். சில ஜி31 போர்டுகளில் வோல்ட்டேஜ் வரியே இருக்காது. அப்படியானால் வோல்ட்டேஜ் கூட்டாமல் எதுவரை போகிறதோ அதுவே எல்லை.

வோல்ட்டேஜில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? மின்சாரச் செலவு வேகத்தோடு நேராகவும் வோல்ட்டேஜோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறும். 2.6-லிருந்து 3.46-க்குப் போவது 1.33 மடங்கு. கூடவே 1.225 வோல்ட்டை 1.30 ஆக்கினால் மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சூடு. ப்ராசஸரோடு வந்த தட்டையான அலுமினிய ஹீட் சிங்க் இதற்குத் தோதானதல்ல. ப்ரைம்95 ஓடும்போது 75 டிகிரிக்குள் நின்றால் நல்லது, 80-ஐத் தாண்டினால் ஒரு படி இறங்குங்கள். மார்கழியில் 68 டிகிரி காட்டிய பெட்டி கத்திரி வெயிலில் 80-ஐத் தொடும், ஏனென்றால் அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனையும் ப்ராசஸரிலும் ஏறும். குளிர்காலத்தில் அமைப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு டிகிரி இடம் விட்டு அமையுங்கள்.

சூடு காரணமின்றி அதிகமாக இருந்தால் ஹீட் சிங்க்கின் நான்கு பின்களைப் பாருங்கள். தலையில் உள்ள அம்புக்குறி கழற்றும் திசையைக் காட்டுவது. பலர் அதைப் பூட்டும் திசை என்று நினைத்துத் திருப்பிவைத்துவிடுகிறார்கள். மாட்டும் முன் அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பி, மூலைவிட்டமாக இரண்டிரண்டாக 'க்ளிக்' சத்தம் கேட்க அழுத்த வேண்டும். போர்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் நான்கு இடத்திலும் வெள்ளைக் கால்களுக்கு நடுவே கறுப்புப் பின் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். ஒன்று பாதியில் நின்றாலே பதினைந்து டிகிரி கூடிவிடும். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

டவர் கூலர் (செங்குத்தாக நிற்கும் பெரிய ஹீட் சிங்க்) வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ப்ராசஸரைச் சுற்றியுள்ள மாஸ்ஃபெட்கள் (அதற்கு மின்சாரம் தரும் சிறு சிப்கள்) இந்த மலிவுப் போர்டுகளில் மொட்டையாக நிற்கும். பழைய விசிறி கீழ்நோக்கி ஊதியதால் அவற்றுக்கும் காற்று கிடைத்தது. டவர் கூலர் பக்கவாட்டில் ஊதும், ப்ராசஸர் குளிரும், மாஸ்ஃபெட் வேகும். கேபினட்டில் பின்பக்க விசிறி இல்லாமல் டவர் கூலர் போடாதீர்கள். அங்கேயே இருக்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் ஓவர்க்ளாக் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்து, வேகம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் 1,500 மெகாஹெர்ட்ஸ் காட்டும். பதற வேண்டாம். வேலையில்லாத நேரத்தில் மல்டிப்ளையர் 6-க்கு இறங்கும் (6 × 250 = 1,500). ஏதாவது வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள். கடைசியாக ப்ரைம்95-ல் ப்ளெண்ட் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட்டிய பிறகே அந்த அமைப்பை நம்புங்கள்.

கேள்வி: க்ளாக்கை மாற்றி சேவ் செய்தேன். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. போர்டு போய்விட்டதா?
– கரூர் வாசகர்

பதில்: போகவில்லை. மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்து மாட்டுங்கள், அல்லது அதன் அருகிலுள்ள 'க்ளியர் சிமாஸ்' இரட்டைப் பின்னைப் பத்து விநாடி இணையுங்கள். எல்லா அமைப்பும் தொடக்க நிலைக்குத் திரும்பும். பெட்டி தானாகவே இரண்டு மூன்று முறை எழுந்து அணைந்து பிறகு பழைய வேகத்தில் எழுந்தால், அது போர்டின் பாதுகாப்பு ஏற்பாடு, கோளாறல்ல. ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பின்னோக்கிப் போய், ஓவர்க்ளாக்கும் அழிந்தால் குற்றவாளி அந்தப் பேட்டரி. புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும்.

கேள்வி: ஜி41 போர்டில் டிடிஆர்3 ரேம் 2 ஜிபி இருக்கிறது. 4 ஜிபி ஒன்று வாங்கிப் போட்டால் 'பீப்' மட்டும் வருகிறது. கடையில் வேறு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்கள், அங்கே வேலை செய்கிறது. இரண்டு முறை மாற்றியும் அதே கதை.
– திருநெல்வேலி வாசகி

பதில்: கடைக்காரர் சொல்வதும் உண்மை, உங்கள் போர்டு சொல்வதும் உண்மை. ஜி41 சிப்செட்டின் மெமரி கன்ட்ரோலருக்கு ஒரு ரேம் சிப்பில் 2 ஜிகாபிட் வரைதான் எண்ணத் தெரியும். 4 ஜிபி ரேமை அந்த சிப்களால் கட்ட வேண்டுமானால் 16 சிப் வேண்டும், பக்கத்துக்கு எட்டாக இரு பக்கமும் இருக்கும். பின்னால் வந்த ரேம்களில் 4 ஜிகாபிட் சிப்கள் எட்டையே ஒரு பக்கமாக வைத்து 4 ஜிபியை முடித்துவிட்டார்கள். புதிய கம்ப்யூட்டர் அதைப் படிக்கும், ஜி41 படிக்காது. சில போர்டுகள் பாதி அளவு மட்டும் காட்டும்.

ஆக, '16 சிப் உள்ள ரேம் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கலாம்தான். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று மலிவு விலையில் விற்கும் ரேம்களிலும் 16 சிப் இருக்கும். அவற்றில் ஒவ்வொரு சிப்பும் 4 பிட் அகலம், இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகள் அவற்றை ஏற்பதில்லை. சிப்பை எண்ணுவதைவிட லேபிளைப் படிப்பது மேல்: '2ஆர்×8' என்று இருந்தால் உங்களுக்கானது, '1ஆர்×8' என்றால் எட்டு சிப் வகை, '×4' என்று முடிந்தால் தொடவே வேண்டாம்.

1333, 1600 என்று எது போட்டிருந்தாலும் பொருந்தும். ஜி41-ல் அது 1066-க்கோ, 800 எஃப்எஸ்பி ப்ராசஸராக இருந்தால் 800-க்கோ இறங்கி ஓடும். இரண்டு 4 ஜிபி சேர்ந்து 8 ஜிபி இந்தப் போர்டின் உச்சம். இதையெல்லாம் ஓவர்க்ளாக் செய்யும் ஆசைக்கு முன்னால் செய்யுங்கள். 2 ஜிபியில் தவிக்கும் பெட்டிக்கு மெகாஹெர்ட்ஸ் மருந்தாகாது.

கேள்வி: எச்61 போர்டில் ஐ5-2400 வைத்திருக்கிறேன். ஐ5-2500கே பழையது ஒன்று கிடைத்தது, 'கே' இருந்தால் 4.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று வாங்கிவிட்டேன். பயாஸில் மல்டிப்ளையர் நகரவே மாட்டேன் என்கிறது.
– கோவை வாசகர்

பதில்: பூட்டைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. 'கே' என்பது ப்ராசஸர் பக்கத்துச் சாவி. போர்டு பக்கத்துச் சாவி பி67, இசட்68, இசட்77 போன்ற சிப்செட்களிடம் மட்டுமே. எச்61-ல் 2500கே சாதாரண ப்ராசஸராகவே ஓடும். 2400-ன் 3.1 ஜிகாஹெர்ட்ஸ் / டர்போ (தேவைப்படும்போது தானாக ஏறும் வேகம்) 3.4 இப்போது 3.3 / 3.7 ஆகியிருக்கும், அவ்வளவே.

அடிப்படை க்ளாக்கை ஏற்றலாமே என்று தோன்றும். ஈ5300-க்குச் சொன்ன வழி இங்கே எடுபடாது. 2011-ல் வந்த இந்தச் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் இன்டெல் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யுஎஸ்பி அனைத்தையும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் கட்டிவிட்டது. ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும். 103-ஐத் தாண்டினாலே டிஸ்க் பிழைகளும் யுஎஸ்பி துண்டிப்பும் தொடங்கக்கூடும். மூன்று சதவீதத்துக்காக டேட்டாவைப் பணயம் வைப்பானேன்?

உங்களுக்கு முன் இரண்டு வழி. பழைய இசட்68 அல்லது இசட்77 போர்டு தேடுவது ஒன்று. அப்படிக் கிடைத்தால் க்ளாக்கை 100-லேயே விட்டு மல்டிப்ளையரை 40, 42, 44 என ஏற்றுங்கள். நல்ல டவர் கூலரோடு 1.25 முதல் 1.30 வோல்ட்டுக்குள் 4.2-லிருந்து 4.4 வரை எதிர்பார்ப்பது நியாயம். ரேமை 1.5 வோல்ட்டில் வையுங்கள், 1.65 வோல்ட் ரேமைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'டபிள்யுஎச்இஏ' என்ற பெயரில் 19-ஆம் எண் எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். பெட்டி ஹேங் ஆகாமல் ஓடினாலும் அந்த எச்சரிக்கை வந்தால் வோல்ட்டேஜ் போதவில்லை என்று பொருள். நீலத்திரையில் 124 அல்லது 101 என்று முடியும் எண் வந்தாலும் பெரும்பாலும் அதே நோய். 1ஏ என்று முடிந்தால் சந்தேகம் ரேம் மீது போகட்டும்.

இரண்டாவது வழியைத்தான் நாங்கள் சொல்வோம்: 2500கே-வை விற்றுவிட்டு ஐ7-2600 வாங்குங்கள். நான்கு கோர், எட்டு த்ரெட். உங்கள் 2400 ஓடிய போர்டில் அதே தலைமுறையின் இதுவும் பயாஸ் மாற்றாமலே ஓடும். ஐ7-3770 இன்னும் நல்லது (95 வாட்டுக்குப் பதில் 77 வாட்). ஆனால் அது ஐவி பிரிட்ஜ், 2012-ல் வந்தது. பழைய எச்61 போர்டுக்கு முதலில் பயாஸையும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற போர்டின் உள்நிரலையும் புதுப்பிக்க வேண்டும், அதுவும் 2400 உள்ளே இருக்கும்போதே. புதிய ப்ராசஸரை மாட்டிவிட்டு, திரை வராமல், பிறகு பயாஸைத் தேடுவது கிணற்றில் விழுந்த பிறகு கயிறு வாங்கப் போவதுதான். புதுப்பிக்கும் அந்த ஐந்து நிமிடம் யுபிஎஸ் கட்டாயம்.

பிராண்டட் பெட்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: டெல், எச்பி, லெனோவோ அலுவலகக் கம்ப்யூட்டர்களின் பயாஸில் இந்த வரிகள் இருக்காது. மறைந்திருக்கவும் இல்லை.

கேள்வி: சர்வரிலிருந்து கழற்றிய ஜியான் ஈ5450-ஐ ஸ்டிக்கர் ஒட்டி 775 சாக்கெட்டில் போடலாம் என்கிறார்களே, ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கலாமா?
– சென்னை வாசகர்

பதில்: போடலாம், உண்மைதான். 3 ஜிகாஹெர்ட்ஸ், நான்கு கோர், 12 எம்பி கேஷ், 80 வாட். அது 771 சாக்கெட்டுக்கானது. இரண்டு தொடர்புப் புள்ளிகள் இடம் மாறியிருப்பதால் அவற்றை மாற்றி இணைக்கத்தான் அந்த ஸ்டிக்கர். ப்ராசஸரின் ஓரப் பள்ளங்களும் இடம் மாறியிருக்கும். அதனால் சாக்கெட்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளைக் கூரிய கத்தியால் சீவ வேண்டும். இந்த வேலையில் செத்துப்போகும் போர்டுகளில் பெரும்பாலானவை கத்தி வழுக்கி சாக்கெட் பின்கள் வளைந்ததால் சாவதுதான். பின்கள் மீது தடித்த அட்டையை வைத்து மூடிக்கொண்டு சீவுங்கள்.

அதற்கு முன் இரண்டு சரிபார்ப்பு. உங்கள் போர்டின் ப்ராசஸர் பட்டியலில் 45 நானோமீட்டர் கோர் 2 க்வாட் (க்யூ9400 போன்றவை) இருக்க வேண்டும். பயாஸுக்குள் ஜியானுக்கான மைக்ரோகோட் (ப்ராசஸருக்கான சிறு உள்நிரல்) இல்லாவிட்டால் பெயர் தெரியாத ப்ராசஸர் என்று முறைக்கும், சில போர்டுகள் எழவே எழாது. போர்டு மொட்டை மாஸ்ஃபெட்டோடு மூன்று ஃபேஸ் (ப்ராசஸருக்கான மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் மூன்றே பிரிவு) மின்சுற்று கொண்டதானால் எல்5420 பாருங்கள், 2.5 ஜிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் 50 வாட்டில் முடியும். அதையும் ஓவர்க்ளாக் செய்யக் கேட்டு அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: ஐ5-2400, எச்61 பெட்டியில் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டேன். விசிறி சுற்றுகிறது, படம் இல்லை.
– மதுரை வாசகர்

பதில்: வரிசையாகப் பாருங்கள். மானிட்டர் ஒயர் இன்னும் மதர்போர்டிலேயே சொருகியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், இதுதான் முதல் காரணம். மானிட்டர் நீலநிற விஜிஏ ஒயர் வகையா? புதிய கார்டுகளில் விஜிஏ சிக்னலே கிடையாது, வெறும் பின் மாற்றி வேலைக்காகாது. உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வர்ட்டர் வேண்டும். அடுத்து பயாஸில் முதல் டிஸ்ப்ளே 'பெக்' அல்லது 'பிசிஐ-இ' (இரண்டும் கிராபிக்ஸ் கார்டைக் குறிப்பவை) என்று இருக்கட்டும். அதுவும் சரி என்றால் பயாஸைப் புதுப்பியுங்கள். பழைய பயாஸ்களுக்குப் புதிய கார்டின் தொடக்க நிரலோடு பேசத் தெரியாமல் போவதுண்டு.

எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) மீது '450 வாட்' என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பாமல் லேபிளில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 14 = 168 வாட்தான் அதன் உண்மையான பலம். உங்கள் ப்ராசஸர் 95, கார்டு 75 என்றாலே 170 ஆகிவிட்டது. 25 ஆம்பியர் உள்ளதாக வாங்குங்கள்.

இனி கார்டு தேடுகிறவர்களுக்கு: 6-பின் மின் இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 இந்த வயதுப் பெட்டிகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது, 16 லேன்களையும் (டேட்டா போகும் தடங்கள்) பயன்படுத்தும். ஆர்எக்ஸ் 6400 நான்கு லேன்களோடு நிற்பது. உங்கள் போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-ல் அதற்கு விநாடிக்கு 2 ஜிபிதான் வழி கிடைக்கும், ஜி41-ல் அதிலும் பாதி. இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே தடவையில் அணுகும்) வசதியை எதிர்பார்ப்பவை, இந்தப் போர்டுகளில் வேண்டாம்.

கேள்வி: கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11-ஐ எப்படியாவது ஏற்றிவிட முடியுமா? ஓவர்க்ளாக் செய்தால் ஏற்குமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி ப்ராசஸரில் இல்லாவிட்டால் விண்டோஸ் 11 எழவே எழாது. கோர் 2 வகையில் 4.1 வரைதான் உண்டு. எந்த ஓவர்க்ளாக்கும் இல்லாத கட்டளையைச் சேர்க்காது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்கள். ஜி31, ஜி41 போர்டுகளில் டிஸ்கோடு வேகமாகப் பேசும் ஏஎச்சிஐ வசதி இல்லை, பழைய ஐடிஇ முறையில்தான் ஓடும். இருந்தாலும் ஹார்ட் டிஸ்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் முதல் பூட்டிலேயே தெரியும்.